இறங்கிய நேரம் போக

1

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி நாற்பது நிமிஷத்துக்கு நான் கடைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். பின்னால் சைக்கிள் மணி மூன்று முறை அடித்தது. ஒதுங்கினேன். என்னைத் தாண்டிப் போனவன் என் மகன் சுந்தரம். வயது பதினாறு. பினாங்கில் பிறந்தவன்.

"ஓரமா வாங்கப்பா!" என்றான். அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் சொந்த ஊரான போடியில் நான் என் தகப்பனாரைச் சைக்கிளில் தாண்டியதில்லை. அந்தக் காலத்தில் எங்களிடம் சைக்கிள் இல்லை என்பது உண்மைதான். இருந்திருந்தாலும் தாண்டியிருக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து மனைவி மீனாட்சியிடம் முறையிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "எத்தன தடவ மணி அடிச்சான்?"

"மூணு."

"தொரைக்கே ரெண்டு தடவதான் அடிப்பான். ஒங்களுக்கு மூணு. இதுக்கு மேல என்னங்க மருவாதி வேணும்?"

அன்று பிற்பகல் போடியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் வீரணன். ஊரில் பலருக்கு அவனைத் தெரிந்திருக்கும். ஏலக்காய்க் கடையிலிருந்து வியாபாரிகளுக்கு மாதிரிக் காய் கொண்டு போய்க்கொண்டிருந்தவன், ஒச்சம்மாள் மகன். இப்போது இங்கே எங்கள் முதலாளியின் சைக்கிள் பந்தயக் குழுவில் இருக்கிறான். குழுவுக்குப் புது ஆள் தேட முதலாளி அவனை ஊருக்கு அனுப்பியிருக்கிறார். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்:

"மாமாவுக்கு வணக்கம். இங்கே ஒரு பயல் நல்ல வேகம். ஆனால் எல்லோருக்கும் சைக்கிளை விட்டு இறங்குகிறான். கூட்டிக்கொண்டு வரவா, வேண்டாமா? பதில் வெரசாக எழுதவும்."

பதில் எழுதுவதற்கு முன் என் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். இங்கே வந்து இருபத்திரண்டு வருஷத்தில் இருபத்திரண்டு நோட்டு. அவற்றில் ஒன்றிலிருந்துதான் கீழே வருவதை எழுதுகிறேன். பந்தயத்துக்குச் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைப்பார்கள் என்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்கள் கேள்வி கேட்கட்டும். நோட்டு என் கையில் இருக்கிறது.

2

எங்கள் முதலாளி ஒரு சீனர். இங்கே முதலாளிகளைத் தவுக்கே என்பார்கள். சைக்கிள் விற்கிறார். எந்தக் கடைச் சைக்கிள் பந்தயத்தில் முந்துகிறதோ அந்தக் கடைக்கு மறுநாள் கூட்டம் வரும். ஆகையால் ஆறு பேர் கொண்ட குழு ஒன்றை வைத்திருக்கிறார். ஆறு பேருக்கும் சிவப்புக் கோடு போட்ட பனியன், ஒரே மாதிரி சைக்கிள், ஒரே வீட்டில் சாப்பாடு. பழக்குகிறவர் லோபஸ் என்ற கிழவர். இளமையில் பந்தயம் ஓடி மூன்று பல்லை இழந்தவர். நான் கடையில் எழுத்தர்; பந்தய நாளில் கோட்டருகே கடிகாரத்தோடு நிற்பவன். கோடு என்பது சாலையின் குறுக்கே சுண்ணாம்பால் போடுவது. முன் சக்கரம் அதைத் தொட்டதும் நேரத்தைக் குறிக்க வேண்டும். விநாடிகூட விடமாட்டேன்.

தவுக்கே ஆள் பிடிக்கும் முறையே தனி. பந்தயத்துக்குப் பேர் கொடுத்து வருகிறவர்களை அவர் நம்புவதில்லை. காலையில் நாற்சந்தியில் ரிக்‌ஷாவில் உட்கார்ந்துகொள்வார். ரொட்டி விற்கிறவன், ஐஸ் கொண்டு போகிறவன், சலவைத் துணிக்காரன் என்று சுமையோடு சைக்கிள் மிதிப்பவர்களைப் பார்ப்பார். ஒருவன் பிடித்துப்போனால் அவன் பின்னாலேயே ரிக்‌ஷாவை விரட்டச் சொல்வார். ரிக்‌ஷாக்காரன் மூச்சு வாங்கி நின்றுவிட்டால் அந்தச் சைக்கிள்காரன் தேறிவிட்டான் என்று அர்த்தம். அடுத்தது லோபஸ். அவனை ஒரு முக்காலியில் உட்கார வைத்துக் கெண்டைக்காலை அமுக்கிப் பார்ப்பார், தொடையை நாடாவால் அளப்பார், நெஞ்சில் காதை வைப்பார். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்கு நம் மாட்டுச் சந்தை ஞாபகம் வந்தது. பல்லைப் பிடித்துப் பார்க்காதது ஒன்றுதான் குறை.

இப்படித் தேடிப் பிடித்த ஆறு பேரும் சமதரையில் பறந்தார்கள். தீவின் மேற்குப் பக்கத்து ஏற்றம் வந்தால் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் நான் ஊருக்குப் போக லீவு கேட்டபோது தவுக்கே சொன்னார். அவர் மலாய் மொழியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"உன் ஊரில் மலை இருக்கிறது என்று பத்து வருஷமாகச் சொல்லி என் காதைத் தின்கிறாய். அங்கே சைக்கிள் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அப்படியானால் மலை ஏறுகிறவன் ஒருவனைக் கொண்டு வா. ஒரு வருஷம் சோறு போடுகிறேன். அதற்குள் ஆறில் ஒருவனாக வரவில்லையென்றால் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவேன். கொண்டு வந்தது நீ என்பதால் உன் கடிகாரத்தையும் வேறு ஆளிடம் கொடுப்பேன்."

கடைசி வாக்கியத்தை மீனாட்சியிடம் நான் சொல்லவில்லை.

3

போடியில் அப்போது பதினொரு சைக்கிள்கள் இருந்தன. வீடு வீடாகப் போய் எண்ணினேன். தமுக்கு அடித்துச் சொல்ல வைத்ததில் போட்டிக்கு வந்தவர்கள் நாலு பேர், வேடிக்கைக்கு ஊர் முழுவதும். சந்தைப் புளியமரத்தடியில் புறப்பட்டு மலைமேல் இருக்கிற குரங்கணி போய், அங்கே காப்பிக் கிட்டங்கிக் கணக்கரிடம் சீட்டு வாங்கி, அதே மரத்தடிக்குத் திரும்ப வேண்டும். ஒருவன் பின் ஒருவனாகப் பத்து நிமிஷ இடைவெளியில் அனுப்பினேன்.

முதலில் வந்தவர் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் மகன். இரண்டு மணி ஆறு நிமிஷம். வழியில் யாருக்காகவும் அவர் காலைத் தரையில் வைக்கவில்லை. அவருடைய தகப்பனாருக்குத்தான் எல்லோரும் இறங்குவார்கள். அடுத்த இருவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒருவர் முந்தல் கிராமத்தில் டயர் வெடித்துத் திரும்பினார். இன்னொருவர் குரங்கணியில் மாமனார் வீட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார்.

நாலாவது ஆள் வீரணன். வயது பத்தொன்பது. கடைச் சைக்கிள். இரண்டு மணி முப்பத்தொரு நிமிஷம். ஆனால் அவன் வந்து நின்ற விதம் எனக்கு உறுத்தியது. இரண்டரை மணி நேரம் மலை ஏறி இறங்கியவனுக்கு மூச்சு வாங்கவில்லை. போதாததற்கு, ஐம்பது கெஜம் முன்னாலேயே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பெண் பார்க்க வருகிறவன் போல நடந்து வந்தான்.

"ஏன்யா எறங்குன?"

"நீங்க நிக்கிறீங்கள்ல மாமா."

"நிக்கிறது நேரம் பாக்குறதுக்குய்யா!"

"அதுக்காக? பெரியவுக நிக்கையில சைக்கிள்ல ஒக்காந்து வர முடியுமா?"

எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. "வழியில எத்தன எடத்துல எறங்குன?"

விரல் விட்டு எண்ணினான். கருப்பசாமி கோயில் போகையில் ஒன்று, வருகையில் ஒன்று. பெரிய வீட்டு வாசல் போகையில், வருகையில். பள்ளிக்கூட வாத்தியார். சம்பந்தக்காரர் இருவர். சந்தையில் எதிர்ப்பட்ட மாமன்மார் நாலு பேர். எதிரே வந்த ஒரு பிரேதம். அத்தை வீடு, அங்கே நீர்மோரும் குடித்திருக்கிறான். மலையடிவாரத்தில் சுமை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த கிழவர்கள் ஒன்பது பேர். ஒருவருக்கு இறங்கி அடுத்தவருக்கு இறங்காமல் போனால் மனத்தாங்கல் வரும் என்று ஒன்பது முறை. எல்லாம் கூட்டி, என்னையும் சேர்த்து இருபத்துமூன்று.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "மாப்ளே, கழுதையப் பாத்தாக்கூட எறங்கியிருப்பான்!" என்று ஒருவர் கத்தினார்.

"ஒங்களப் பாத்து எறங்குனேனே மாமா, அதையும் சேத்துத்தான் சொன்னேன்" என்றான் வீரணன். சிரிப்பு திசை மாறியது.

மறுநாள் அவனை மறுபடி அதே வழியில் போகச் சொல்லி, நான் ஒற்றை மாட்டு வண்டியில் முன்னதாகவே போய் வழியில் மறைந்து நின்று பார்த்தேன். இறங்கி, துண்டை இடுப்புக்கு இறக்கி, பெரியவரைத் தாண்டும் வரை நடந்து, மறுபடி துண்டைப் போட்டு, ஏறி மிதிக்க ஒரு தடவைக்குச் சராசரி ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. இருபத்துமூன்றுக்கு முப்பத்தெட்டு நிமிஷம் இருபது விநாடி. நோட்டில் இப்படி எழுதினேன்: "வீரணன். இறங்கிய நேரம் போக, ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம் நாற்பது விநாடி." வியாபாரி மகனைவிடப் பதின்மூன்று நிமிஷம் இருபது விநாடி வேகம்.

இந்த இடத்தில் ஒன்று எழுதியாக வேண்டும். அந்த இருபத்துமூன்றும் ஒரே ஜாதி இறக்கம் இல்லை. சிலருக்கு அவன் மரியாதைக்கு இறங்கினான். சில வாசல்களில் இறங்காவிட்டால் இறக்கப்படுவான். என் கடிகாரத்தில் இரண்டுக்கும் நேரம் ஒன்றுதான். அதனால் நானும் அன்று வித்தியாசம் பார்க்கவில்லை.

4

ஒச்சம்மாள் ஏலக்காய் கிட்டங்கியில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைப் பார்க்காமலேயே பருவட்டை ஒரு பக்கமும் பொடியை ஒரு பக்கமும் தள்ளுகிற கை. என்னிடம் பேசுகையிலும் அந்தக் கை ஓடிக்கொண்டே இருந்தது.

"சைக்கிள் ஓட்டுறதுக்குச் சம்பளமாண்ணே?"

"ஆமா தாயி."

"எந்த ஊருக்குப் போகணும்னு ஓட்டுறாக?"

"எந்த ஊருக்கும் இல்ல. சுத்திட்டு, கெளம்புன எடத்துக்கே வந்து சேரணும்."

"அதுக்கு இங்கனக்குள்ளயே இருக்கலாம்ல?"

மற்றப் பெண்கள் முறத்துக்குள் முகத்தை வைத்துச் சிரித்தார்கள்.

கடைசியில் அவள் ஒத்துக்கொண்டாள். ஆனால் அப்போதுதான் கை நின்றது.

"எம் மகன் சைக்கிள்ல பறக்கட்டும், விழுந்து எந்திரிக்கட்டும். அது அவன் பாடு. ஆனா அப்பன் இல்லாத பிள்ளைன்னு ஒரு சொல் வரக் கூடாதுன்னு வளத்திருக்கேன். பெரியவுகளக் கண்டா எறங்காமப் போறான்னு ஒரு சேதி எங்காதுல விழுந்துச்சுன்னா, அவனக் கேக்க மாட்டேண்ணே. ஒங்களத்தான் கேப்பேன்."

"அப்படி நடக்காது தாயி."

"நீங்களா அவன எறங்காதன்னு சொல்லவும் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"இது மேல சத்தியமா?"

அவள் நீட்டிய முறத்தில் முதல் தரப் பச்சைக் காய். அதன் மேல் கையை வைத்தேன். வேலை சுலபமாக முடிந்தது என்ற சந்தோஷத்தில் வைத்தேன். அந்த ஏலக்காய் வாசனை ஒரு வருஷம் என் கையை விட்டுப் போகாது என்று அப்போது தெரியவில்லை.

5

துறைமுகத்தில் ஒரு நமூனா, அதாவது படிவம், நிரப்ப வேண்டும். தொழில் என்ற இடத்தில் எழுத உத்தியோகஸ்தர் கேட்டார்.

"தோட்டக் கூலியா?"

"இல்லை."

"வியாபாரியா? சமையற்காரனா?"

"சைக்கிள் ஓட்டுகிறவர்" என்றேன்.

"எதை ஏற்றிக்கொண்டு?"

"ஒன்றும் இல்லை."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒன்றையும் ஏற்றாமல் எங்கும் போகாமல் ஓட்டுகிற தொழிலுக்கு அவரிடம் கட்டம் இல்லை. பக்கத்து மேஜைக்காரரைக் கலந்து பேசி "வண்டிக்காரன்" என்று எழுதினார். அடுத்த மேஜையில், வண்டிக்காரனென்றால் மாடு உண்டா, உண்டென்றால் மாட்டுக்கு வைத்தியர் சீட்டு எங்கே என்று கேட்டார்கள். மாடு இல்லை என்று நான் தனியாக ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்தேன். மாடு இல்லாததற்குச் சாட்சிக் கையெழுத்து இருவர் போட்டார்கள்.

அத்தனை மேஜைக்கும் வீரணன் துண்டை இடுப்பில் இறக்கிக்கொண்டு நின்றான். கப்பலில் கேட்டேன், கால் வலிக்கவில்லையா என்று.

"சைக்கிள் இல்லாமயே எறங்கி நிக்கிறது இன்னிக்குத்தான் மாமா மொத தடவ" என்றான்.

6

பழக்குவது எப்படி என்று கேட்பவர்களுக்கு: முதல் மூன்று மாதம் புதியவனைப் பந்தயத்தில் விட மாட்டார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் படுக்கையிலேயே நாடி எண்ண வேண்டும். அது என் வேலை. எட்டு நாளுக்கு ஒரு முறை நிறுவை. விழப் பழக்குவார்கள், புல்தரையில் வேண்டுமென்றே தள்ளிவிட்டு, கையை ஊன்றாமல் உருளச் சொல்வார்கள். பிறகு சக்கரம் பிடித்தல். முன்னால் போகிறவனின் பின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, அவன் முதுகுக்குப் பின்னாலேயே போனால் காற்று முகத்தில் அடிக்காது. பாதி பலம் மிச்சம். இதைப் பழக ஒருவனுக்கு ஆறு மாதமாவது ஆகும், ஏனென்றால் இளவட்டம் எவனுக்கும் பின்னால் போகப் பிடிக்காது.

வீரணன் முதல் நாளே செய்தான். குழுவில் மூத்தவன் ஆ செங் பின்னால் ஒரு முழம் கூடாமல் குறையாமல் பதினைந்து மைல்.

லோபஸ் வியந்துபோனார். "இவனுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தது?"

"எங்கள் ஊரில் எல்லோரும்" என்றேன்.

சிக்கல் பின்னாலிருந்து முன்னால் வரும்போதுதான். ஆ செங் மூத்தவன், கல்யாணமானவன். அவனைக் கேட்காமல் எப்படித் தாண்டுவது? ஆகவே வீரணன் ஒவ்வொரு முறையும் கேட்டான். முழு வேகத்தில், தொண்டை கிழிய, "வரட்டுமாண்ணே?" ஆ செங்குக்குத் தமிழ் தெரியாது. அது போடி மலையில் புலி விரட்டும் சத்தம் என்று நினைத்து முதல் முறை ஓரத்து வாய்க்காலுக்குள் போய்விட்டான். தவுக்கேக்கு இது மிகவும் பிடித்துப்போனது. எல்லோரையும் அப்படிக் கத்தச் சொன்னார். ஐந்து சீனர்களும் ஒரு மலாய்க்காரரும் ஒரு வாரம் "வாத்துமானே" என்று கத்திக்கொண்டு தீவைச் சுற்றினார்கள்.

இறங்குவதையும் நான் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லக் கூடாது என்றுதான் சத்தியம். எழுதக் கூடாது என்று இல்லையே. முதல் மாதம் ஒரு நாளைக்கு முப்பதுக்குக் குறையாது. போலீஸ்காரன், பங்களா வாசல், தொப்பி போட்ட யாரானாலும். பிறகு தானாகவே குறைந்தது. நாலாம் மாதம் போலீஸ்காரன் விடுபட்டான். ஆறாம் மாதம் துரைமார். எட்டாம் மாதம் தவுக்கேயே விடுபட்டுவிட்டார். அவருக்கு அதில் பரம சந்தோஷம். கடைசியில் மிஞ்சியது கோயில் ஒன்று, நான் ஒருவன்.

ஒரு நாள் காரணம் கேட்டேன். அவன் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"பெரிய வீட்டு வாசல்ல எறங்குனது பயத்துல மாமா. எறங்கலைன்னா அடிப்பாக. இங்க வந்து பாத்தேன், எறங்காமப் போனாலும் யாரும் அடிக்கல. அதான் ஒவ்வொண்ணா விட்டுப் பாத்தேன்."

"அப்ப எனக்கு?"

"நீங்க அடிக்கவா போறீங்க?" சிரித்தான். "ஒங்களுக்கு எறங்குறது எம் இஷ்டம். அத எதுக்கு விடணும்?"

என் கடிகாரத்துக்குத் தெரியாத வித்தியாசம் அவனுக்குத் தெரிந்திருந்தது. நோட்டை மூடிவிட்டேன்.

7

வருஷ முடிவில் தேர்வுப் பந்தயம். ஒன்பது பேர், ஆறு இடம். பதினைந்து மைல் சமதரை. கோட்டருகே நான் கடிகாரத்தோடு நின்றேன். பின்னால் நாற்காலியில் தவுக்கே.

கடைசி வளைவில் "வரட்டுமாண்ணே?" கேட்டது. ஆ செங் ஒதுங்கினான். வீரணன் தனியாக முன்னால் வந்தான். தவுக்கே எழுந்து நின்றார். நூறு கெஜம். ஐம்பது கெஜம். அப்போது அவன் தலையைத் தூக்கினான். என்னைப் பார்த்தான்.

இறங்கிவிட்டான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முகம் நிறைந்த சிரிப்போடு, கோட்டை நோக்கி நடந்து வந்தான். இரண்டு பக்கமும் சைக்கிள்கள் அவனைத் தாண்டி விர்ரென்று போயின. ஒன்று, இரண்டு, நாலு, ஆறு. ஏழாவதாகக் கோட்டைத் தாண்டினான். எல்லோருடைய நேரத்தையும் விநாடி பிசகாமல் எழுதினேன். கைப் பழக்கம் அது. புத்தி வேலை செய்யவில்லை.

தவுக்கே மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "இவனுக்கு உடம்பு சரியில்லையா?"

"மரியாதை" என்றேன்.

"அதற்கு மருந்து உண்டா?"

கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார்: மாதக் கடைசியில் தீவைச் சுற்றும் பந்தயம், மேற்குப் பக்கத்து ஏற்றத்தோடு. அதில் முதலாவதாக வந்தால் ஆறில் ஒருவன். இல்லையென்றால் கப்பல் சீட்டு. அவர் ஏற்கெனவே சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். என்னிடம் எடுத்துக் காட்டினார்.

8

அந்த மூன்று வாரமும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்காதே என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். ஆனால் முறத்தில் கை வைத்தாகிவிட்டது. சொல்லாமல் விட்டால் அவன் கப்பல் ஏறுவான், என் கடிகாரம் வேறு கைக்குப் போகும்.

பந்தயத்துக்கு நாலு நாள் முன்பு அவனே வந்தான்.

"மாமா, கோட்டுக்கிட்ட எறங்க வேணாம்னா சொல்லுங்க. எறங்காமப் போறேன்."

எனக்கு உயிர் வந்தது. "நெசமாவா?"

"நெசமாத்தான். ஆனா ஆத்தாளுக்கு நீங்களே ஒரு கடுதாசி எழுதிப் போட்டுருங்க. நாந்தான் அவன எறங்காதன்னு சொன்னேன்னு. நாளைக்கு வேற யாரும் சொல்லி அது காதுல விழக் கூடாதுல்ல?"

காகிதத்தை எடுத்து வைத்தேன். "சௌபாக்கியவதி" என்று தொடங்கி, அவள் விதவை என்பது ஞாபகம் வந்து அடித்தேன். அப்போதே பதினெட்டு வருஷமாகத் தினமும் எழுதிவந்தவன் நான். மாடு இல்லை என்பதற்கே கடுதாசி எழுதினவன். அந்தக் கடிதத்தில் தேதிக்கு மேல் ஒரு எழுத்து ஓடவில்லை. கிட்டங்கியில் யாராவது அதை வாசித்துக் காட்டுவார்கள். அவள் கை நிற்கும். அதை என்னால் பார்க்க முடிந்தது.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"எழுத வேணாம் மாப்ளே. நீ எப்பவும் போல ஓட்டு. எறங்கணும்னு தோணுச்சுன்னா எறங்கு."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான்.

9

பந்தயம் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டது. புறப்பட்ட நேரத்தைக் குறித்தேன். ஒன்பது மணிக்குச் சுந்தரத்தைக் கூப்பிட்டேன். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. தவுக்கேயிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தையும் நோட்டையும் பையன் கையில் கொடுத்தேன்.

"முன் சக்கரம் கோட்டைத் தொட்டதும். தொட்டதும், தாண்டியதும் இல்ல. வெளங்குதா?"

"வெளங்குதுப்பா."

"விநாடியும் வேணும்."

"சரிப்பா, சரிப்பா. போங்க."

கோட்டுக்கு இருபது கெஜம் தள்ளி ஒரு துணிக்கடை இருந்தது. உள்ளே போய், அடுக்கி வைத்த கைலிகளுக்குப் பின்னால் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கடைக்காரர் எனக்குக் கடன்காரர் தொல்லை என்று நினைத்து ஒரு போர்வையைப் போர்த்திவிட்டார். பந்தய நாளில் நான் கடிகாரம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

முதலில் கூட்டத்தின் சத்தம் கேட்டது. பிறகு ஆ செங்கின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவன்தான் முன்னால் வருகிறான். போர்வைக்குள் கண்ணை மூடினேன். அப்போது அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தது ஒரு குரல்:

"வரட்டுமாண்ணே?"

அடுத்த நொடி கூட்டம் வெடித்தது. அது ஜெயித்த சத்தமா, இறங்கிவிட்ட சத்தமா? எழுந்து பார்க்க முடியாது. நான் பார்த்தால் அவனும் பார்ப்பான். கைலிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். கடைக்காரர்தான் வாசலில் நின்று சொன்னார்: "உங்க ஊர்க்காரன்தான். ஒரு வண்டி நீளம் முந்திட்டான்."

சற்றுக் கழித்து வீரணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தான். முழங்கால் வரை மேற்குப் பக்கத்துச் செம்மண்.

"ஜெயிச்சிட்டேன் மாமா. கோட்டுக்கிட்டத் தேடுனேன். காணோம். எங்க போயிட்டீங்க?"

"ஒரு சோலியாப் போயிட்டேன்."

என் தோளில் கிடந்த போர்வையைப் பார்த்தான். கைலி அடுக்கைப் பார்த்தான். "நல்ல சோலிதான்" என்றான். தவுக்கே கப்பல் சீட்டைக் கிழித்தார். பாதிப் பணம் திரும்பக் கிடைத்திருக்கும் என்று மறுநாள் வருத்தப்பட்டார்.

நோட்டைச் சுந்தரத்திடமிருந்து வாங்கிப் பார்த்தேன். கோணல் எழுத்தில் இருந்தது: "வீரண்ணன். முதல். இரண்டு மணி நாற்பத்தொரு நிமிஷம், சுமார்."

"சுமார்னா என்னடா? விநாடி எங்க?"

"கத்திட்டிருந்தேன்பா. பாக்கலை."

என்னுடைய இருபத்திரண்டு நோட்டிலும் "சுமார்" என்ற சொல் இருப்பது அந்த ஒரு வரியில்தான். அழித்து எழுத எத்தனையோ முறை ரப்பரைக் கையில் எடுத்திருக்கிறேன். இன்றுவரை அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு நாலு வருஷமாக, வீரணன் ஓடுகிற பந்தயம் எல்லாவற்றுக்கும் கோட்டருகே நிற்பது சுந்தரம்தான். இப்போது விநாடியும் எழுதுகிறான். நான் கைலிக் கடையில் இருப்பேன். கடைக்காரர் எனக்கென்றே ஒரு முக்காலி போட்டிருக்கிறார்.

போடிக்கு இன்று பதில் எழுதிவிட்டேன்:

"சிரஞ்சீவி வீரணனுக்கு ஆசீர்வாதம். எல்லோருக்கும் இறங்குகிற பயலைக் கூட்டிக்கொண்டு வரவும். எது பயத்துக்கு, எது இஷ்டத்துக்கு என்று அவனே பிரித்துக்கொள்வான், அவசரப்படுத்த வேண்டாம். அவன் தாயார் உன்னிடம் சத்தியம் கேட்டால் தாராளமாகச் செய்து கொடு. கோட்டருகே சுந்தரம் நிற்பான். அவனுக்கு யாரும் இறங்க வேண்டியதில்லை. கைலிக் கடையில் இன்னொரு முக்காலி போடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பயல் ஓடுகிற அன்று அது உனக்கு."